நகரம் கட்டும் விளையாட்டில் "வரத்துப்பொருள்": சரியா?

குடியாத்தத்திலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குப் பண்டைய வணிகத்தைப் புரியவைக்க, பள்ளிக் கணினி அறையில் 'சீசர் 3' (1998) விளையாட்டைப் போட்டுக் காட்டுகிறேன். அதற்கு ஒரு பக்கக் குறிப்பு வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் முட்டி நிற்கிறேன்.

ரோமானிய நகரம் ஒன்றை எழுப்புகிறோம். களிமண் இருக்கிறது, மட்பாண்டம் செய்துகொள்ளலாம். பளிங்கோ நம் நிலத்தில் கிடையாது. பெரிய கோயிலுக்கு இரண்டு வண்டிப் பளிங்கு வேண்டும். பணம் கட்டி வேறொரு நகரத்தோடு வணிக வழி திறந்தால்தான் வரும், அதுவும் ஆண்டுக்கு இத்தனை வண்டி என்ற வரம்போடு. இப்படிப்பட்ட பொருளை எப்படிச் சொல்வது? "அரும்பொருள்" என்று பலகையில் எழுதினேன். "கோட்டைக்குள்ள மியூசியத்துல இருக்குமே, அதுவா மிஸ்?" என்றாள் ஒரு பெண். அழித்துவிட்டேன்.

ஆரணியிலிருந்து:

அம்மா, "அருவளம்" என்று எழுதுங்கள். அருமை + வளம், ஈறு போதல் (ஈற்றிலுள்ள 'மை' போய்விடும்). பொருள் என்று வரும்போது வல்லினம் என்பதால் இனம் மிகுந்து அரும்பொருள் ஆயிற்று. வகரத்துக்கு முன் அது வேண்டாம். வணிக வழிக்கும் நம்மிடம் சொல் உண்டு: சாத்துவழி. சாத்து என்றால் வணிகக் கூட்டம். கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரில் இருப்பதும் அதுதான். அகநானூற்றில் (140) உப்பு விற்கும் உமணப் பெண் "நெல்லின் நேரே வெண்கல் உப்பு", அதாவது நெல்லுக்குச் சமமாக வெள்ளை உப்பு, என்று கூவி விற்கிறாள். உப்பு விளையாத ஊருக்கு உப்பே அருவளம். பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு விளையாட்டைத் திறந்தால் போதும்.

வேலூரிலிருந்து:

ஐயா, "சாத்து" என்றால் பிள்ளைகள் கதவைச் சாத்துவதைத்தான் நினைப்பார்கள். "வழி திறந்தது" என்று வரும் இடத்தில் அது குழப்பும்.

எங்கள் அப்பா காய்கறி மண்டியில் இருந்தவர். விடியற்காலை நாலு மணிக்கு அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு வரத்து எப்படி?" வெளியூர்ச் சரக்கு எல்லாமே வரத்துதான். டீச்சர், "வரத்துப்பொருள்" என்று வைக்கலாமே? "தட்டுப்பாடு" வேறு. அது இருந்தது குறைவது. 2019 ஜூலையில் சென்னைக்குத் தட்டுப்பாடு, நம்ம ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீர் போனது. நமக்கு மிஞ்சியா போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. விளையாட்டிலும் அதே கேள்வி வரும். இவ்வளவு கையிருப்புக்கு மேல் இருந்தால்தான் ஏற்றுமதி என்று வரம்பு வைக்கலாம். வைக்க மறந்தால் நம் வீடுகளுக்கே எண்ணெய் இல்லாமல் போகும். 'ஃபாரோ' (1999) விளையாட்டில் எகிப்துக்கு மரம் பிப்லோஸ் என்ற வெளிநாட்டுத் துறைமுக நகரிலிருந்து வருகிறது. அது தட்டுப்பாடு இல்லை, வரத்து.

ஆரணியிலிருந்து:

தம்பி, பிரித்துக் காட்டியது நன்று. ஆனால் வரத்து என்பது வருகை. ஏரிக்கு வரத்துக் கால்வாய் என்கிறோம், அது தண்ணீரின் பெயர் அல்ல. வழி திறக்காத நகரத்தில் பளிங்கு வரவே இல்லை. வராத பொருளுக்கு வரத்துப்பொருள் என்று பெயரிடுவதா?

குடியாத்தத்திலிருந்து:

ஐயா, நியாயமான கேள்வி. இரண்டு நாளாக யோசித்தும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இரண்டு சொல்லையும் இன்று வகுப்பில் வைத்தேன். "அருவளம்" என்றதும் அருவியா என்று கேட்டார்கள். "வரத்து" என்றதும் கடைசி பெஞ்சுப் பையன், "வண்டி வந்தாத்தான் கோயில் கட்ட முடியும்" என்றான். பிள்ளைகளுக்கு அதுவே புரிந்ததால் "வரத்துப்பொருள்" என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். சரக்கு வைக்கும் இடத்துக்குக் "கிடங்கு" என்று போட்டிருக்கிறேன்.

ஆரணியிலிருந்து:

அச்சாகட்டும் அம்மா. என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். ஆனால் கிடங்கு? சங்கப் பாட்டில் கிடங்கு என்றால் அகழி. வேலூர்க் கோட்டையைச் சுற்றித் தண்ணீரோடு கிடப்பதே கிடங்குதான். பண்டகசாலை என்று மாற்ற இன்னும் நேரம் இருக்கிறதா?