கென்டக்கி டெர்பி: 20 இடங்களைப் புள்ளிகளைக் கொண்டு நிரப்புவது முறையா?

அந்தியூர்வாசி:
3 வயதுக் குதிரைகள் ஒன்றேகால் மைல் ஓடும் அமெரிக்கப் பந்தயமான கென்டக்கி டெர்பியில், 1974ஆம் ஆண்டு 23 குதிரைகள் ஓடி நெரிசல் ஏற்பட்டதற்குப் பிறகு, 20 என்ற வரம்பு வந்தது. நம் பக்கத்து ரேக்ளாவில் வண்டிகள் முறைவைத்து ஓடுவதால் கடிகாரமே தீர்ப்புச் சொல்லிவிடும். எல்லாக் குதிரைகளும் ஒன்றாகப் புறப்படும் இடத்தில் முன்கூட்டியே வடிகட்டாமல் தீராது. 2012 வரை கிரேடு பந்தயங்களில் (தரவரிசை பெற்ற உயர்நிலைப் பந்தயங்களில்) ஈட்டிய பரிசுப் பணத்தை வைத்து வடிகட்டினார்கள். 2013 முதல், குறிப்பிட்ட தகுதிப் பந்தயங்களில் பெற்ற புள்ளிகளை வைத்து வடிகட்டுகிறார்கள். இந்த மாற்றம் சரியானது என்பதே என் கருத்து. பழைய முறையில், 10 லட்சம் டாலர் பரிசு கொண்ட டெல்டா டவுன்ஸ் ஜாக்பாட்டை 2 வயதில் வென்ற குதிரைக்கு, டெர்பி நடக்கும் அடுத்த மே மாதம் அதன் நிலை எப்படி இருந்தாலும், இடம் ஏறக்குறைய உறுதியாகிவிடும். 2012இல் ஓடிய ட்ரினிபெர்க் 7 பர்லாங் (ஒரு மைலுக்கும் குறைவான) பந்தயங்களை வென்று வந்த குதிரை. டெர்பியில் பின்தங்கிய அது, அதே ஆண்டு பிரீடர்ஸ் கப் ஸ்பிரிண்ட் என்ற குறுந்தூரப் பந்தயத்தை வென்றது. வேகத்தில் குறையில்லை, தூரந்தான் அதற்குரியதல்ல.

பொள்ளாச்சி ரசிகர்:
அந்தியூர் நண்பர் பழைய முறையின் ஓட்டைகளைச் சரியாகவே காட்டினார். புதிய முறையின் ஓட்டைகளை மட்டும் தாண்டிப் போய்விட்டார். கடைசிக்கட்டத் தகுதிப் பந்தயங்களில் முதலிடத்துக்கு 100 புள்ளிகள் என்பதால், ஒரே ஒரு நல்ல நாள் போதும். 2022 மார்ச்சில் முதன்முதலாக ஓடிய தைபா என்ற குதிரை, இரண்டாவது ஓட்டத்திலேயே சாண்டா அனிடா டெர்பி என்ற தகுதிப் பந்தயத்தை வென்று தகுதி பெற்றது. கென்டக்கியில் அதற்குக் கிடைத்தது 12ஆம் இடம். அதே ஆண்டு கென்டக்கி டெர்பியை வென்ற ரிச் ஸ்ட்ரைக்கோ, முதல் நாள் ஈதீரியல் ரோடு என்ற குதிரை விலகியதால் காத்திருப்போர் வரிசையிலிருந்து உள்ளே வந்த குதிரை. அதன்மீது பணம் கட்டியவர்களுக்கான பந்தய விகிதம் 80க்கு 1. பட்டியல் பார்த்து ஒதுக்கிய குதிரை கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது என்றால், அந்தப் பட்டியல் எதை அளந்தது?

பெருந்துறை வாசகி:
பெண் குதிரைகளைப் பற்றி இருவரும் பேசவில்லை. 2008இல் எய்ட் பெல்ஸ் என்ற குதிரை, பெண் குதிரைகளுக்கான பந்தயங்களை வென்ற வலுவில் டெர்பிக்கு வந்து இரண்டாவதாக முடித்தது. ஓட்டம் முடிந்தபின் முன்கால்கள் இரண்டும் முறிந்து அது இறந்தது வேறு விஷயம். அதன் திறமையில் எவருக்கும் ஐயமில்லை. இப்போது அந்தப் பந்தயங்கள் பெண் குதிரைகள் மட்டும் ஓடும் கென்டக்கி ஓக்ஸ் பந்தயத்தின் கணக்கில் மட்டுமே சேர்கின்றன.

அந்தியூர்வாசி:
அம்மணி சொல்வது உண்மை. ஆயினும் 1988இல் டெர்பியை வென்ற வின்னிங் கலர்ஸ், ஆண் குதிரைகளை முறியடித்துச் சாண்டா அனிடா டெர்பியை வென்றே அங்கு போனது. 1980இல் வென்ற ஜெனுவின் ரிஸ்க், டெர்பிக்கு முந்தைய வுட் மெமோரியல் பந்தயத்தில் ஆண் குதிரைகளோடு ஓடி மூன்றாவதாக வந்தது. டெர்பியில் ஆண் குதிரைகளோடுதான் மோத வேண்டும் என்றால், அவற்றோடு ஒருமுறையாவது மோதிப் பார் என்று கேட்பது அநியாயமாகாது. பொள்ளாச்சி நண்பருக்கு: 2023 முதல் ஐந்தாம் இடம் வரை புள்ளிகள் உண்டு, ஒருநாள் அதிர்ஷ்டத்தின் எடை சற்றே குறைந்திருக்கிறது. பிரீடர்ஸ் கப்பைப் போல, குதிரைகளைத் தேர்வதில் நிபுணர் குழுவுக்கும் பங்கு கொடுக்கலாம் என்றால், எந்த உரிமையாளருக்கு யார் வேண்டியவர் என்ற பேச்சுதான் மிஞ்சும்.

பொள்ளாச்சி ரசிகர்:
வேண்டியவர், வேண்டாதவர் என்பது புள்ளிமுறையில் மட்டும் ஒழிந்துவிட்டதா? 2021 டெர்பியில் முதலில் வந்த மெடினா ஸ்பிரிட்டின் சோதனையில் பீட்டாமெத்தசோன் என்ற மருந்து தென்பட்டதால், அதன் பயிற்சியாளர் பாப் பாஃபர்ட்டுக்கு, டெர்பியை நடத்தும் சர்ச்சில் டவுன்ஸ் நிறுவனம் தடை விதித்தது. தடை இருந்தவரை அவர் பொறுப்பில் ஓடிய குதிரைகள் வென்றாலும் புள்ளியில்லை. அவரிடமிருந்த தைபாவும் மெசியர் என்ற குதிரையும் டிம் யாக்டீன் என்ற வேறு பயிற்சியாளரிடம் மாற்றப்பட்ட பிறகே 2022இல் அவை புள்ளி பெற முடிந்தது. தண்டனை தேவையா என்று நான் கேட்கவில்லை. வேறு மாநிலத்தில், வேறொரு நிறுவனத்தின் மைதானத்தில் வென்ற குதிரைக்கும் புள்ளி உண்டா இல்லையா என்பதை ஒரே நிறுவனம் தீர்மானிக்கிறது. குழு வேண்டாம் என்பவர்கள், அந்த ஒற்றை அதிகாரத்தை எப்படி ஏற்கிறார்கள் என்று விளக்கட்டும்.