“வலை கிடைத்ததா?” என்று கேட்டேன், எல்லோரும் “ஆமாம்” என்றார்கள்

ஒக்கி புயல் அடித்தது 2017 நவம்பர் 30. அடுத்த ஆண்டு கன்னியாகுமரி மாவட்டத்தில், தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கண்காணிப்புப் பணியாளராக இருந்தேன். வலையும் வீட்டுச் சாமான்களும் கொடுத்து ஆறு வாரம் கழித்து வீடு வீடாகப் போய் விசாரிப்பது என் வேலை. பொருள் கிடைத்ததா, தரம் எப்படி, திருப்தியா? ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே பதில்: “கிடைத்தது, நல்ல பொருள், திருப்தி.” படிவங்களைப் பார்த்து அலுவலகம் மகிழ்ந்தது. நானும் மகிழ்ந்தேன்.

கடைசி நாள், கேள்விகளை முடித்துவிட்டு ஒரு பாட்டியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவர் எழுந்தபோது கட்டிலுக்கு அடியில் வலைப் பொதி கண்ணில் பட்டது. மேலுறை கூடப் பிரிக்கப்படவில்லை.

“பாட்டி, இதைப் பிரிக்கவே இல்லையா?”

“மக்களே, என் பிள்ளைகள் ஆழ்கடலில் தூண்டில் போடுகிறவர்கள். கொச்சியில் படகேறினால் திரும்பி வர வாரக்கணக்கு ஆகும். இது கரையோரத்தில் போடும் வலை. இதை வைத்து என்ன செய்வார்கள்?”

“சற்று முன்புதானே திருப்தி என்று சொன்னீர்கள்?”

“கொடுத்தவர்களே வீடு தேடி வந்து நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், குறை சொல்ல நாக்கு எழுமா?”

அன்று மாலையே படிவத்தை மூடிவைத்துவிட்டு மறுபடி சில வீடுகளுக்குப் போனேன். இந்த முறை ஒரே கேள்விதான்: “வலை இப்போது எங்கே இருக்கிறது, பார்க்கலாமா?” சில வீடுகளில் பரணில் இருந்தது. சிலர் குளச்சல் பக்கத்து உறவினருக்குக் கொடுத்திருந்தார்கள். வலையில் மீன் வாடை அடித்த வீடுகள் மிகக் குறைவு.

எங்கே தவறினோம் என்று பின்னோக்கிப் பார்த்தால், பயனாளிகள் பட்டியல் போட்ட நாளிலேயே தவறியிருந்தோம். அந்த நாட்களில் பல வீடுகளில் ஆண்கள் இல்லை. சில வீடுகளில் இனி வரப்போவதும் இல்லை. ஊர்க் கமிட்டியிடம் கேட்டு எழுதினோம். கமிட்டியில் இருந்தவர்கள் படகு உள்ளவர்கள். தலையில் பாத்திரம் சுமந்து மீன் விற்கும் பெண்களை யாரும் தொழிலாளி என்று கணக்கில் எடுக்கவில்லை. புகார்ப் பெட்டி ஒன்று வைத்திருந்தோம், பங்கு (ஊர்த் தேவாலய) அலுவலக வாசலில். யார் சீட்டு போடுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். மூன்று மாதமாக அது காலியாகவே இருந்தது. “புகார் எதுவும் இல்லை” என்று நான் அறிக்கையில் எழுதியதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. எங்களைப் போன்ற நிவாரண நிறுவனங்களுக்கான மனிதாபிமானப் பணிக்கான அடிப்படைத் தரநிலை (Core Humanitarian Standard) 2014இல் வந்தது. அதிலுள்ள 9 உறுதிமொழிகளில் ஐந்தாவது புகார்களைப் பற்றியது. புகாரை வரவேற்க வேண்டும், தீர்க்க வேண்டும் என்கிறது. பெட்டியை மாட்டியதோடு அது நிறைவேறிவிட்டது என்று நம்பியிருந்தோம்.

இரண்டாம் கட்டத்தில் பக்கத்துப் பங்கைச் சேர்ந்த இளம்பெண்கள்தான் கேள்வி கேட்டார்கள். எங்கள் சின்னம் போட்ட சட்டை அணியவில்லை. பெண்கள் சந்தையிலிருந்து திரும்பி, குளித்து, சாப்பிட்டு உட்காரும் நேரத்தில் போனார்கள். அன்பியம் எனப்படும், பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேரும் தேவாலயக் குழுக் கூட்டங்களில் முதலில் பெண்களிடம் மட்டும் பேசினோம். மீதமிருந்த பணத்தில் ஐஸ் பெட்டியும் அலுமினியப் பாத்திரமும் வாங்கினோம். கொடுத்த வலைகளுக்கு மாற்று செய்ய முடியவில்லை.

உங்கள் ஊரில் இப்படி நடந்ததுண்டா? எழுதுங்கள்.

பேச்சிப்பாறை பக்கத்திலிருந்து ஒருவர்:

எங்கள் கதை மலையில். காணிப் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றுக்கு ஊற்றிலிருந்து குழாய் இழுத்துக் குடிநீர் கொடுத்தார்கள். மதிப்பீட்டுக் குழு அக்டோபரில் வந்தது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அக்டோபரில் எந்த ஊற்றில்தான் தண்ணீர் இருக்காது? “குழாய் இயங்குகிறது” என்று குறித்துக்கொண்டு போனார்கள். மார்ச்சில் பெண்கள் பழையபடி குடம் தூக்கி ஓடைக்கு நடந்தார்கள். அடுத்த முறை குழு வரும் தேதியை முடிவு செய்யும்போது நான் பிடிவாதமாக மார்ச் என்றேன். அதற்கு ஒப்புதல் வாங்கவே இரண்டு மாதம் ஆனது.

மணக்குடியிலிருந்து ஒருவர்:

2004 டிசம்பர் 26 அன்று எங்கள் பாலத்தையே அலை கொண்டுபோனது. அதன் பிறகு வந்த கணக்கெடுப்புகளுக்கு அளவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் அக்காவிடம் நானும் படிவத்தோடு போனேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. “தம்பி, நீ ஏழாவது ஆள். முன்னால் வந்த ஆறு பேரும் எழுதியதை எங்கே வைத்திருக்கிறார்கள்? அதில் ஒன்றை வாங்கிப் படித்துக்கொள், என்னை இன்னொரு முறை சொல்ல வைக்காதே” என்றார். படிவத்தை மடித்துப் பையில் வைத்தேன். அந்த ஆறில் ஒன்றாவது கிடைக்குமா என்று அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். யாரிடமும் இல்லை. அந்த அக்கா இன்றும் ஊரில்தான் இருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் எந்த அறிக்கையையும் யாரும் கொண்டுவந்து அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.