தம்பி மகன் கஞ்சாக் கடையில் பங்கு சேரக் கேட்கிறான்: சட்டம் இதற்கு இடம் தருகிறதா?

சாட்ஸ்வொர்த் பெரியவர்:
அனைவருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டாகா என்னும் கஞ்சாவும் அதன் எண்ணெயும் விற்கும் கடை ஒன்றில் பங்கு சேர்வதற்காக என் தம்பி மகன் என்னிடம் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரேண்டு கேட்கிறான். "பெரியப்பா, 2018லேயே கோர்ட்டு விட்டுவிட்டது, இப்போது ஜனாதிபதியும் கையெழுத்துப் போட்டுவிட்டார்" என்பது அவன் வாதம். அந்தக் கடையை நானே போய்ப் பார்த்தேன். பெயர் ஒட்டிய கண்ணாடிச் சீசாக்கள், சின்னத் தராசு, கார்டு மெஷின் என்று நகைக்கடையைப் போல எல்லாம் ஒழுங்காக இருந்தன. பாரம்பரிய வைத்தியர் சான்றிதழ் ஒன்றையும் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். முழங்கால் வலிக்கென்று சிறிய எண்ணெய்ச் சீசா ஒன்று வாங்கி ரசீது கேட்டபோது, அதில் "நன்கொடை" என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஒரு சொல்தான் என்னை உறுத்துகிறது. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாரிட்ஸ்பர்க் குமாஸ்தா:
ஐயா, உறுத்த வேண்டிய சொல்தான் அது. 2018 செப்டம்பர் 18 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம், நீதிபதி ஸோண்டோ எழுதிய ஒருமனதான தீர்ப்பில், வயது வந்த ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்காகத் தனிமையில் கஞ்சாவைப் பயன்படுத்துவதும், வைத்திருப்பதும், வளர்ப்பதும் குற்றமாகாது என்றது. விற்பனையை அத்தீர்ப்பு தொடவே இல்லை. 2024 மே 28 அன்று, அதாவது பொதுத்தேர்தலுக்கு முந்தைய நாள், ஜனாதிபதி ராமபோசா கையெழுத்திட்ட சட்டத்தின் பெயரே "தனிப்பட்ட நோக்கங்களுக்கான கஞ்சா" என்றுதான் இருக்கிறது. வயது வந்த ஒருவர் இன்னொருவருக்குக் கைம்மாறு எதுவும் பெறாமல் கொடுக்கலாம். பணம் கைமாறினால் அது வியாபாரம், வியாபாரம் இன்னும் குற்றம். இந்த வேலியைத் தாண்டத்தான் "நன்கொடை" என்று எழுதுகிறார்கள். கார்டு மெஷினில் தேய்த்த நன்கொடையை எந்த நீதிபதி நம்புவார் என்று எனக்குத் தெரியவில்லை. தவிர, 1998ஆம் ஆண்டின் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டத்தின்படி, குற்றத்தில் கிடைத்த வருமானத்தையும் அதற்குப் பயன்பட்ட சொத்தையும் அரசு பறிமுதல் செய்ய வழி இருக்கிறது. போலீஸ் இன்று கண்டும் காணாமல் போகலாம், ஆனால் அதை நம்பி முதல் போடுவது சரியல்ல.

டொங்காட் தோட்டக்காரர்:
குமாஸ்தா சொன்னது சரி, ஆனால் நேர்வழியே இல்லை என்று ஐயா எண்ண வேண்டாம். மருத்துவக் கஞ்சா பயிரிட, மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையமான சாஃப்ராவின் உரிமம் தேவை. வேலி, கேமரா, பரிசோதனை என்று அதற்கான செலவு நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது, விளைச்சலும் பெரும்பாலும் வெளிநாட்டுக்குத்தான் போகிறது. 2021 முதல், போதை மிகக் குறைந்த கஞ்சா வகையான ஹெம்ப் பயிருக்கு வேளாண் துறை அனுமதி தருகிறது. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத சிபிடி எண்ணெயில், ஒரு பொதியில் 600 மில்லிகிராமுக்கு மேற்படாமலும், நாளுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டாத அளவிலும் இருப்பதை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம். இதிலும் நிம்மதி கிடையாது: 2025 மார்ச்சில் கஞ்சா, ஹெம்ப் சேர்ந்த உணவுப் பொருள்களைச் சுகாதார அமைச்சர் திடீரெனத் தடை செய்தார், எதிர்ப்பு கிளம்பியதும் சில வாரங்களில் தடை விலக்கப்பட்டது. அதற்குள் சரக்கு வாங்கி அடுக்கியவன் கதி என்ன?

பழைய ஏடு:
கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம் முன்னோர் வந்து இறங்கிய பத்தே ஆண்டுகளில், 1870இல், டர்பன் அடங்கிய அன்றைய நேட்டால் காலனியின் அரசு ஒரு சட்டம் போட்டது: இந்தியக் கூலிகள் கஞ்சா புகைக்கவோ வைத்திருக்கவோ கூடாது, அவர்களுக்கு யாரும் விற்கவும் கூடாது. நாடு முழுவதற்குமான தடை 1920களில்தான் வந்தது. கரும்புத் தோட்டத்தில் கூலியின் உழைப்பு குறைந்துவிடக் கூடாது என்ற கவலையே அந்த 1870 சட்டத்தின் வேர் என்பது என் கருத்து. இன்னொன்றும் மனத்தை அரிக்கிறது. கிழக்குக் கேப் மாகாணத்துப் பொண்டோலாந்து மலைச்சரிவுகளில் தலைமுறை தலைமுறையாக இதைப் பயிரிட்டவர்களின் வயல்மீது போலீஸ் ஹெலிகாப்டரில் வந்து களைக்கொல்லி தெளித்தது. இன்று உரிமம் வாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை, பசுமைக்குடில் கட்டும் பணக்காரர்களுக்கு இருக்கிறது.

சாட்ஸ்வொர்த் பெரியவர்:
மூவருக்கும் நன்றி. தோட்டக்காரர் எழுதியதைப் படித்தவுடன் எழுந்துபோய் அந்தச் சீசாவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பிப் பார்த்தேன். பச்சை இலைப் படமும் "இயற்கை" என்ற சொல்லும் இருக்கின்றன. மில்லிகிராம் எத்தனை என்று எங்கும் அச்சிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பையன் சாப்பிட வருகிறான். சீசாவை மேசைமேல் வைத்திருக்கிறேன்.