டிராகன் போட் தோள் வலி 6 வாரமா போகல, என்ன செய்யலாம்?

பட்டர்வொர்த்_பொண்ணு:
வணக்கம். நான் டிராகன் போட்ல (ரெண்டு பக்கமும் ஆளுங்க உக்காந்து துடுப்பு போடுற நீளப் படகு) இடது பக்கம் உக்காந்து துடுப்பு போடுறவ, பினாங்கு தெலுக் பஹாங் அணைக்கட்டுல வாரம் 4 தடவை ட்ரெய்னிங். துடுப்ப தண்ணியில இறக்க வலது கையைத் தூக்கும்போது தோள் முன்பக்கம் சுள்ளுனு இழுக்குது, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியல. அம்மா தினமும் தைலம் தேய்க்கிறாங்க, கோயோக்கும் (வலி பிளாஸ்திரி) ஒட்டியாச்சு. நிறுத்திடவா?

பழைய_துடுப்பு:
தங்கச்சி, தைலம் வலிய மறைக்கும், அவ்வளவுதான். நானும் அப்படியே தள்ளி ஒரு சீசனே போச்சு. கோச்கிட்ட இன்னிக்கே சொல்லிடு, ஒளிக்காத.

பிசியோ_அக்கா:
துடுப்போட மேல் முனைய பிடிக்கிற கை திரும்பத் திரும்ப தலைக்கு மேல போறதால தோள் தசைநார் உரசி வீங்கியிருக்கலாம், நேர்ல பாத்தாதான் உறுதியா சொல்லலாம். முழுசா நிறுத்த வேணாம், 2 வாரம் தூரத்தையும் வேகத்தையும் பாதியாக்குங்க, முடிஞ்சா பக்கம் மாறி உக்காருங்க. முழங்கைய விலாவோட ஒட்டி வச்சு உடற்பயிற்சி ரப்பர் பேண்ட மெதுவா வெளிப்பக்கம் இழுங்க, 15 தடவை, 3 செட், லேசான வலி பரவால்ல ஆனா மறுநாள் கூடுனா குறைச்சிடுங்க. கையால மட்டும் இழுக்காம இடுப்புலருந்து உடம்பத் திருப்பி இழுக்கணும், நிறைய பேருக்கு சிக்கலே அங்கதான். மூச்சு இழுத்தா விலா குத்துச்சுன்னா டாக்டர பாருங்க, எலும்புல மெல்லிய விரிசல் ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமலும் போகும்.

பட்டர்வொர்த்_பொண்ணு:
ரொம்ப நன்றி அக்கா. விலா வலி இல்ல. நாளைக்கே கோச்கிட்ட பேசுறேன்.