ஸ்பானிஷில் 'டேக்' என்பதற்கு எந்தச் சொல்?

கேள்வி: ஹூஸ்டனில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். மெக்சிகோ நோயாளிகளுக்கு ஒரு பக்க வழிமுறைத் தாள் எழுதுகிறேன். மாத்திரையை டேக், படிவத்தைக் கவுண்டருக்கு டேக், ஷூவை டேக் ஆஃப், ரிசல்ட் வர இரண்டு நாள் டேக்ஸ் என ஆங்கிலத்தில் எல்லாமே ஒரே வினை. எல்லாவற்றுக்கும் 'தோமார்' போடலாமா?

பதில் 1: வேண்டாம் அக்கா. முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்: சாப்பிடு, கொண்டு போ, கழற்று, ஆகும். ஸ்பானிஷும் இங்கே அப்படித்தான் பிரிகிறது. மாத்திரைக்கு 'தோமே' ('தோமார்' என்பதன் ஏவல் வடிவம்), படிவத்துக்கு 'யேவே', ஷூவுக்கு 'கீதெஸே', ரிசல்ட்டுக்கு 'தார்தான்'. ரத்தம் எடுப்பது 'சகார்'. பிரஷர் பார்ப்பதற்கு மட்டும் மறுபடி 'தோமார்'தான்.

பதில் 2: அந்தத் தாளில் 'கொஹேர்' மட்டும் எங்கும் வந்துவிடக் கூடாது. மாட்ரிட்டில் பஸ் பிடிக்க எல்லோரும் சொல்லும் சாதாரணச் சொல் அது. மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது உடலுறவைக் குறிக்கும் கொச்சை. ஸ்பெயின் பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு இது பழக்கத்தில் வந்துவிடும். நோயாளி கூச்சப்படும்படி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். அப்புறம், பிரஷரும் ஊருக்கு ஊர் மாறும்: ஸ்பெயினில் 'தென்சியோன்', மெக்சிகோவில் 'பிரெசியோன்'.

கேள்வி கேட்டவர்: சரி, 'பிரெசியோன்' என்றே போடுகிறேன். ரிசல்ட் வரியில் 'தார்தான் தோஸ் தியாஸ்' போதுமா?

பதில் 1: போதும். 'லோஸ் ரெசுல்தாதோஸ்' என்று முன்னால் சேர்த்துவிடுங்கள்.