எம்ஆர்ஐ படத்தில் கோடு, கறுப்புக் குழி, பாதி மறையாத கொழுப்பு: காரணம் எங்கே இருந்தது?

டெக்னாலஜிஸ்ட், 1.5 டெஸ்லா

படம் கெட்டவுடன் சர்வீஸுக்குப் போன் போட்டுவிடுகிறோம். பல நேரம் காரணம் மிஷினுக்கு வெளியே, நம் கை எட்டுகிற இடத்தில் இருக்கிறது. என்ன தெரிந்தது, எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது, மூன்றையும் எழுதுங்கள். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவும். ஜிப் கோட்டில் தொடங்குகிறேன்.

படத்தின் குறுக்கே புள்ளி புள்ளியாக, ஜிப் வைத்துத் தைத்த மாதிரி ஒரு நேர்கோடு. ஹைட்ரஜன் அணுக்கரு காந்தப்புலத்தில் பம்பரம் போலத் தலையாட்டும் வேகம் ஒரு டெஸ்லாவுக்கு (காந்தப்புல வலிமையின் அலகு) 42.58 மெகாஹெர்ட்ஸ், 1.5 டெஸ்லாவில் ஏறக்குறைய 63.9. அதை ஒட்டிய ரேடியோ இரைச்சல் வெளியிலிருந்து நுழைந்தால், காயில் (உடம்பின் சிக்னலை வாங்கும் கம்பிச்சுருள்) அதையும் உடம்பின் சிக்னல் என்றே வாங்கிக்கொள்ளும். படத்தில் ஒரு திசையில் இடத்தை அதிர்வெண்ணை வைத்தும் (ஃப்ரீக்வென்சி திசை), அதற்குக் குறுக்கே அலையின் கட்டத்தை வைத்தும் (ஃபேஸ் திசை) மிஷின் கண்டுபிடிக்கிறது. இரைச்சல் ஒரே அதிர்வெண் என்பதால் ஃப்ரீக்வென்சி திசையில் ஓரிடத்தில் நிற்கும், ஃபேஸ் திசை நெடுகக் கோடாக விழும். இரண்டு திசைகளையும் மாற்றிப்போட்டு அதே சீக்வென்ஸை (படமெடுக்கும் பல்ஸ் வரிசையை) ஓட்டுங்கள். கோடும் சேர்ந்து திரும்பினால் இரைச்சல்தான்.

அப்புறம் நேராகக் கதவுக்குப் போங்கள். விளிம்பைச் சுற்றிச் சீப்புப் பல் போல மெல்லிய செம்புக் கலவைத் தகடுகள் இருக்கும். கதவு மூடும்போது அவை சட்டத்தில் அழுந்தினால்தான் அறையைச் சுற்றியுள்ள செம்புக் கூண்டு முழுமையாகும். ஒரு பல் மடங்கியிருந்தாலும், முடியோ பிளாஸ்டர் துண்டோ சிக்கியிருந்தாலும் அங்கே சந்துதான். நூல் உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்து, பல் சாய்ந்திருக்கும் திசையிலேயே துடைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் இழுத்தால் துணி மாட்டிப் பல் ஒடியும். நிலைப்படியின் கீழ்ப்பக்கம்தான் அதிகம் கெடும்: ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஏறுவது அங்கே, தரை துடைத்த தண்ணீர் தேங்குவதும் அங்கே.

கதவு சுத்தமாக இருந்தும் கோடு போகவில்லையா? சுவரில் உள்ள குழாய்த் துளையைப் பாருங்கள். பிளாஸ்டிக் டியூப் போகலாம். அதே துளையில் மானிட்டர் ஒயரை விட்டால், அந்த ஒயரே ஆன்டெனாவாகி வெளி இரைச்சலை உள்ளே கொண்டுவரும்.

செவிலியர், ஸ்கேன் பிரிவு

எங்கள் பக்கத்துக் காரணம் பெரும்பாலும் ஊக்கு. நோயாளியிடம் "உலோகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். வளையலையும் தோட்டையும் கழற்றியாயிற்று என்று அவர் நினைக்கிறார். தாலிக்கொடியில் மாட்டிய இரண்டு ஊக்குகள் அவர் நினைவிலேயே இருக்காது. வருஷக்கணக்கில் அங்கேயே தொங்குகின்றன. ஆகவே பொருளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "அம்மா, கொடியில ஊக்கு இருக்குங்களா? கொண்டையில ஹேர்பின்? ஜாக்கெட்டுல கொக்கி?" ஆண்களிடம் அரைஞாண், தாயத்து, பெல்ட். வெல்டிங், லேத், கிரைண்டிங் வேலை செய்தவரா என்று எல்லோரிடமும் கேளுங்கள். கண்ணில் இரும்புத்துகள் பட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் முதலில் கண்குழிக்கு எக்ஸ்ரே.

ஊக்கு எஃகு. காந்தம் அதைப் பறித்து இழுக்கும். இழுக்காமல் ஒட்டி நின்றாலும் படத்தில் அதன் அளவைப்போலப் பல மடங்கு கறுப்புக் குழியும் ஓரத்தில் வெளுத்த விளிம்பும் வரும். கிரேடியன்ட் எக்கோ என்ற வகை சீக்வென்ஸில் இன்னும் மோசம். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் கழுத்தைச் சுற்றிய சங்கிலி மின்சாரம் ஓடக்கூடிய வளையம். கழற்றத் தயங்கும் அம்மாக்களிடம் அதட்டாதீர்கள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு வரச்சொல்லி அப்பாயின்ட்மென்ட் தரும்போதே சொன்னால், ஸ்கேன் நாளில் வாசலில் நின்று வாதாட வேண்டியதில்லை.

டெக்னாலஜிஸ்ட், 3 டெஸ்லா

வளையம் என்றதும் தீக்காயம் நினைவுக்கு வருகிறது. கோத்த கைகள், ஒட்டிய தொடைகள், தொடையில் படிந்த உள்ளங்கை: தோலோடு தோல் தொட்டால் உடம்பே ஒரு வளையம். தொடும் அந்தச் சிறு இடத்தில்தான் சூடு குவியும். இடையில் பேட் வையுங்கள். வெறும் போர்வை மடிப்பு போதாது. நோயாளி படுக்கும் மிஷின் துளையின் சுவரில் கை படக்கூடாது, காயில் ஒயர் சுருளவோ குறுக்கே போகவோ கூடாது.

எடையைக் கண்மதிப்பாக "60" என்று போடும் பழக்கத்தை விடுங்கள். உடம்பில் இறங்கும் ரேடியோ ஆற்றலுக்கு உள்ள, கிலோவுக்கு 2 வாட் என்ற சாதாரண வரம்பை மிஷின் அந்த எண்ணை வைத்துத்தான் கணக்கிடுகிறது. 42 கிலோ ஆளுக்கு 60 என்று போட்டால் வரம்பைத் தாண்டியதே திரையில் தெரியாது. 1.5 டெஸ்லாவில் இருந்து 3-க்குப் போனால், அதே ரேடியோ பல்ஸுக்கு உடம்பில் இறங்கும் ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்கு.

டெக்னாலஜிஸ்ட், எலும்பு மூட்டுப் பிரிவு

இடுப்பில் உலோக பிளேட் இருப்பவருக்குக் கொழுப்பு பாதி மறைந்து பாதி பளிச்சென்று நிற்கும். தண்ணீருக்கும் கொழுப்புக்கும் உள்ள அதிர்வெண் வித்தியாசம் 1.5 டெஸ்லாவில் சுமார் 220 ஹெர்ட்ஸ்தான். உலோகத்தின் அருகே புலம் அதைவிட அதிகமாகக் குலைவதால் ஃபேட் சாட் (கொழுப்பின் அதிர்வெண்ணைப் பார்த்து அமுக்கும் முறை) தவறான இடத்தை அமுக்குகிறது. ஸ்டிர் என்ற சீக்வென்ஸைப் போடுங்கள், டிஐ (தலைகீழாக்கும் பல்ஸுக்குப் பிறகு காத்திருக்கும் நேரம்) 150 முதல் 170 மில்லிசெகண்ட். அது டி1 நேரத்தை (பல்ஸுக்குப் பிறகு திசு பழைய நிலைக்குத் திரும்பும் நேரம்) வைத்துக் கொழுப்பை அடக்குவதால் இந்தக் குலைவுக்கு அவ்வளவு அசையாது. பேண்ட்விட்த்தைக் (சிக்னல் வாங்கும் அதிர்வெண் அகலத்தைக்) கூட்டுங்கள், ஸ்லைஸை மெலிதாக்குங்கள். கான்ட்ராஸ்ட் மருந்து (கடோலினியம்) கொடுத்த பிறகு மட்டும் ஸ்டிர் வேண்டாம்: கடோலினியம் ஏறிய திசுவின் டி1 குறைந்து கொழுப்பின் அருகே வந்துவிடும், தேடுகிற கட்டியே அழிந்துபோகும்.

சர்வீஸ் எஞ்சினியர்

கதவுப் பல் ஒடிந்தால் சூடுவைத்து ஒட்டாதீர்கள், அந்தத் துண்டு வரிசையை மாற்றத்தான் வேண்டும். மற்றபடி நான் கேட்பது ஒன்றுதான். காலையில் அறைக்குள் போனதும் காதைத் தீட்டிக் கேளுங்கள். "சிக்... சிக்..." என்று கோல்ட் ஹெட் (காந்தத்தைக் குளிர்விக்கும் கருவி) சீராக ஓடவேண்டும். அது நின்றிருந்தால் இரவில் மின்சாரம் போய் சில்லரோ கம்ப்ரெசரோ திரும்ப ஓடவில்லை என்று அர்த்தம். காந்தத்தைக் குளிராக வைக்கும் திரவ ஹீலியம் 4.2 கெல்வினில் இருக்கிறது; குளிர்விப்பு நின்றால் அழுத்தம் ஏறும், பிறகு ஹீலியம் போகும். அளவையும் அழுத்தத்தையும் தினமும் நோட்டில் எழுதினால், நமக்குப் பல மணி நேரம் கையில் கிடைக்கும்.

கரன்ட் போனாலும் காந்தம் அணையாது. வார்டு ஊழியர், துப்புரவுப் பணியாளர், செக்யூரிட்டி எல்லோருக்கும் இதைச் சொல்லுங்கள். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டரோடு உள்ளே போன உறவினர் ஒருவர் உயிரிழந்தார். ஆள் சிக்கிக்கொண்டால்தான் க்வென்ச் பட்டன் (ஹீலியத்தை வெளியேற்றிக் காந்தத்தை அணைக்கும் அவசர பட்டன்). நாற்காலி ஒட்டிக்கொண்டதற்கு அல்ல. அழுத்தினால் திரவ ஹீலியம் சுமார் 700 மடங்கு விரியும். வெளியேற்றும் குழாய் அடைபட்டிருந்தால் வாயு அறைக்குள்ளேயே நிறையும், உள்பக்கமாகத் திறக்கும் கதவு அழுத்தத்தில் திறக்காது. மொட்டைமாடியில் அந்தக் குழாயின் வாயில் குருவி கூடு கட்டியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.