வீடு காலி செய்யும் முன் சுவர் ஓட்டை, கிறுக்கல், டேப் பசை: எப்படிச் சரி செய்வது?

புதுக்குடி:
இன்னும் 10 நாளில் வீட்டைக் காலி செய்கிறோம். செங்கல் சுவர், சிமெண்ட் பூச்சு, அதன் மேல் வெளிர் மஞ்சள் எமல்ஷன் பெயிண்ட். ஆணி ஓட்டை 20 சொச்சம் இருக்கிறது. டிவி மாட்டிய 10 மி.மீ. பிளக் (ஸ்க்ரூ பிடிக்கச் சுவருக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்) ஓட்டை 4. அதில் ஒன்றைச் சுற்றிப் பூச்சே உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்துவிட்டது. ஹாலில் க்ரேயானும் பால்பாயிண்ட் பேனாவும் கலந்து கிறுக்கல், போட்டோ ஒட்டிய டபுள் சைடு டேப்பின் பசை வேறு. பற்பசை வைத்து அடைத்தால் போதும் என்கிறார்கள், போதுமா? பழைய பெயிண்ட் டப்பா கையில் இல்லை.

பட்டித்தகடு:
பற்பசை வேண்டாம். காயக் காயச் சுருங்கி உள்ளே இறங்கிவிடும், அதன் மேல் பெயிண்டும் ஒழுங்காகப் பிடிக்காது. சோப்புத் துண்டை அடைப்பதும் அதே கதைதான்.

ஆணி ஓட்டையில் பலரும் கவனிக்காத ஒன்று: ஆணியைப் பிடுங்கும்போது ஓட்டையின் விளிம்பு உதடு மாதிரி வெளியே தள்ளி நிற்கும். அதன் மேலேயே பட்டி (ஓட்டையை நிரப்பிச் சுவரைச் சமன் செய்யும் வால் புட்டி) வைத்துத் தேய்த்தால் ஓட்டை மறைந்தாலும் சின்ன மேடு மிஞ்சும். முதலில் திருப்புளிக் கைப்பிடியின் முனையால் அந்த உதட்டை உள்ளே அமுக்குங்கள், இல்லையென்றால் பிளேடால் சீவி விடுங்கள். தூசியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, லேசாக ஈரம் காட்டி, பட்டி வையுங்கள். காய்ந்த சுவர் பட்டியின் தண்ணீரை உறிஞ்சிவிடும். அப்போது பட்டி இறுகாமல் மாவாக உதிரும், அதற்குத்தான் ஈரம்.

பொடிப் பட்டி என்றால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 40 மி.லி. தண்ணீர். தகட்டைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வேண்டும். சிமெண்ட் பட்டி 2–3 மணி நேரத்தில் கெட்டியாகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். கெட்டியானதில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் பிறகு வலு இருக்காது.

பிளக்கை நோண்டி எடுக்காதீர்கள், பூச்சு இன்னும் பெயரும். ஸ்க்ரூவை அதில் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஏற்றி, தலையைக் குறடால் பிடித்து நேராக இழுங்கள். வரவில்லையா? சுத்தியலால் 5 மி.மீ. உள்ளே தட்டிவிட்டு மேலே அடையுங்கள், ஒன்றும் குறையாது.

பெயர்ந்த இடத்தைப் பட்டியால் நிரப்புவதுதான் பெரிய தப்பு. பட்டி ஒரு கோட்டுக்கு 1.5 மி.மீ. தாண்டினால் வெடிக்கும். தளர்ந்த பூச்சை எல்லாம் தட்டி எடுங்கள். தட்டும்போது வரும் 'டொக் டொக்' என்ற பொள்ளல் சத்தம் நிற்கும் வரை எடுக்க வேண்டும். பிறகு நன்றாக நனைத்து, 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு சலித்த மணல் கலந்து, சுவர் மட்டத்துக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள். மூன்று நாள் காலை மாலை தண்ணீர் தெளித்து, இரண்டு மூன்று நாள் காயவிட்டு, பட்டியை இரண்டு மெல்லிய கோட்டாக இழுங்கள். உங்களிடம் 10 நாள்தான் என்பதால் இந்த வேலையை இன்றே ஆரம்பியுங்கள், மற்றதெல்லாம் கடைசி மூன்று நாளில் முடியும்.

தேய்க்க 120 நம்பர் உப்புத்தாள், முடிக்க 220. விரலால் அழுத்தித் தேய்த்தால் நடுவில் குழி விழும். ஒரு மரத்துண்டில் சுற்றித் தேயுங்கள்.

கறைநீக்கி:
கிறுக்கலில் க்ரேயானும் பேனாவும் வேறு வேறு வைத்தியம்.

க்ரேயான் மெழுகு. பிளாஸ்டிக் கார்டால் சுரண்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து துடையுங்கள். போகாததற்கு ஈரத்துணியில் கொஞ்சம் சோடா மாவு. அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளவென்று மினுங்கும், அது கறையைவிட மோசம்.

பேனா மையின் மேல் நேராக பெயிண்ட் அடிக்காதீர்கள். எத்தனை கோட் அடித்தாலும் நீல நிழல் மேலே ஏறி வரும். தண்ணீரில் கலக்கும் ப்ரைமரும் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) இதைத் தடுக்காது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒற்றி எடுங்கள். தேய்த்தால் எமல்ஷனே பஞ்சோடு வந்துவிடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. மிஞ்சிய நிழலின் மேல் டர்பன்டைன் கலக்கும் ப்ரைமர் ஒரு கோட், ஒரு இரவு காய்ந்த பிறகு எமல்ஷன்.

டேப்பை ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடாக்கி, பின்னால் தடித்த நூலை விட்டு ரம்பம் போல இழுத்தால் பெயிண்ட் பெயராமல் கழன்று வரும். ஒட்டியிருக்கும் பசையை விரலால் உருட்டி எடுக்கலாம். தேங்காய் எண்ணெய் தடவும் யோசனையைக் கேட்காதீர்கள், எண்ணெய் சுவருக்குள் இறங்கினால் பெயிண்ட் ஒட்டாது.

வண்ணக்கலவை:
பெயிண்டுக்கு: பெயர்ந்த இடத்தின் ஓரத்திலிருந்தே பெரிய நாணயம் அளவு பெயிண்ட் செதிலை எடுத்துக் கடையில் கொடுங்கள், கம்ப்யூட்டரில் நிறம் சேர்ப்பார்கள். அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுக்க வேண்டாம், அங்கே நிறம் மங்கியிருக்காது. பளபளப்பு வகையையும் கவனியுங்கள். நிறம் சரியாக இருந்து மேட் (மினுங்காதது), சாட்டின் (லேசாக மினுங்குவது) மாறினாலும் திட்டு தெரியும்.

பட்டியின் மேல் ப்ரைமர் அடிக்காவிட்டால் அது பெயிண்டை உறிஞ்சி மங்கலாகக் காட்டும். பிரஷ் வேண்டாம், சின்ன ரோலர் எடுங்கள். சுவர் ரோலரால் அடித்ததாக இருந்தால் பிரஷ் கோடு பக்கவாட்டு வெளிச்சத்தில் தனியாகத் தெரியும்.

உங்கள் டிவி சுவரில் நான்கு ஓட்டையும் ஒரு பெயர்ப்பும் இருப்பதால் அங்கே டச்சப் வேலைக்கு ஆகாது. அந்த ஒரு சுவரை மட்டும் மூலைக்கு மூலை முழுதாக அடித்துவிடுங்கள். மூலையில் வெளிச்சம் திரும்புவதால் நிற வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

புதுக்குடி:
நன்றி. ஆணி ஓட்டை 20க்கும் ப்ரைமர் அடிக்க வேண்டுமா?

வண்ணக்கலவை:
மிளகு அளவு ஓட்டைக்கு அவசியமில்லை. அதே பெயிண்டில் கொஞ்சம் தண்ணீர் கூட்டி முதலில் ஒரு தொடல், காய்ந்ததும் கெட்டியாக இன்னொன்று. பட்டி வைத்த இடத்தை மட்டும் தொடுங்கள், சுற்றிலும் பரப்பினால் திட்டு பெரிதாகும்.

பட்டித்தகடு:
இன்னொன்று, பெயிண்ட் வாங்கப் போகும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்து வருபவருக்காக எப்படியும் முழு வீட்டுக்கும் பெயிண்ட் அடிக்கப் போகிறார் என்றால் பட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். பெயர்ந்த இடத்தில் வெள்ளை உப்பு பூத்திருந்தாலோ தொட்டால் சில்லென்று இருந்தாலோ அது ஓதம், பட்டி வைத்தாலும் கொப்பளித்துக் கொட்டும். அதை மூடி மறைக்காமல் போட்டோ எடுத்து இப்போதே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.